ரத்தம் எடுக்கும்போது டெய்சி கேட்பது

"வெரல நல்லா மடக்கிக்கங்க. அங்கிட்டுத் திரும்பிக்கங்க, இதப் பாக்கக் கூடாது. இப்பச் சொல்லுங்க, ரத்தக்காட்டேரி கடிச்சவன உசுரோட விடலாமா, கூடாதா?"

கேட்டுக்கொண்டே டெய்சி ரப்பர் குழாயைக் கையில் இறுக்குகிறார். நாற்காலியில் இருப்பவர் ராமர், ரெட்டியார்சத்திரத்துத் தக்காளி விவசாயி. ஊசியைக் கண்டாலே செருப்பைத் தேடுகிற ஆள். "எந்தக் காட்டேரி?" என்று சுவரைப் பார்த்து அவர் கேட்டு முடிப்பதற்குள் சிரிஞ்சு பாதி நிறைந்துவிடுகிறது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் சௌகத் அலியின் ரத்தப் பரிசோதனை நிலையம். தொண்ணூற்றெட்டில் எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து மாதம் ஒரு காலை அங்கேதான் விடிகிறது. காபி குடிக்காமல், வெறும் வயிற்றோடு, உலகத்தின் மேலேயே கோபமாக உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் கருத்துக் கேட்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! "எனக்கு ஒரு கருத்தும் கிடையாதும்மா" என்று முதல் நாளே எரிந்து விழுந்தேன். "ஒங்களுக்கா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே சார்" என்று சொல்லி, ஊசியை உருவிப் பஞ்சை வைத்துவிட்டார்.

நாற்பதைத் தாண்டிய பெண். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு காமிக்ஸ் சுருண்டு கிடக்கும். காலையில் கடை திறந்ததும் எதிர் டீக்கடைக்குக் குரல் கொடுப்பார்: "அண்ணே, சீனி தூக்கலா ஒண்ணு!" ஊருக்கெல்லாம் சர்க்கரை பார்க்கிறவர், பட்டினி கிடக்கும் எங்கள் கண்ணெதிரிலேயே பன்னை டீயில் நனைத்துச் சாப்பிடுவார். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

அந்தக் காமிக்ஸ் 'வெள்ளி வீரன்'. பறக்கிற, அடி வாங்கினாலும் எழுந்துவிடுகிற வீரன். அந்த வருடம் அவனுக்கு எதிரிகளாக வந்தவை ரத்தக்காட்டேரிகள். இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் வாசகர் கருத்துக் கேட்பார். டெய்சி தன் கருத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கருத்தையும் சேர்த்து அஞ்சலட்டையில் எழுதிப் போடுவார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் காமிக்ஸைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன? சிரிஞ்சு நிறைவதற்குள் கதைச் சுருக்கம் காதில் ஏறிவிடும்.

"வேப்பங்கொலையால நாலு சாத்து சாத்தி முச்சந்தியில விடணும்." இது ராமர் சொன்னது. பழனிப் பக்கத்துக்காரர் ஒருவருக்கு வேறு கவலை: "ஏனுங்க, இங்க வர்றவங்க ரத்தத்தக் குடிச்சா அந்தக் காட்டேரிக்கே சர்க்கர வந்துறாதுங்களா?" டெய்சி அன்று முழுக்க எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பேங்க் ஊழியர் ஒருவர் மட்டும், இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்கினார். "அப்ப ஊசிக்கு மட்டும் ஏன் சார் கண்ண இறுக்கி மூடுறீங்க?" என்று டெய்சி அவர் வாயை அடைத்துவிட்டார்.

டெய்சிக்கு ஆசிரியர் மேல் ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. ஒரு சண்டையில் வீரன் இரண்டு நாற்காலிக் கால்களைக் குறுக்கே கட்டிச் சிலுவையாகப் பிடிக்கிறான். காட்டேரி அதை மதிக்காமல் பாய்ந்து அவன் கழுத்தைக் கடித்துவிடுகிறது. "கடிக்காம என்ன செய்யும்? சாமியார் மந்திரிக்காத சிலுவ வெறும் கட்டதான சார்? இதுகூடத் தெரியாம கத எழுதுறாக." சர்க்கரை பார்க்க வந்த பங்குச் சாமியாரையே கையைக் கட்டிப் போட்டுக் கேட்டார். "அவசரத்துக்கு விசுவாசம் போதும்மா" என்றார் அவர். "சாமிக்குப் பூசை வைக்கத் தெரியும், கத தெரியாது" என்பது டெய்சியின் தீர்ப்பு. வீரனுக்கு, மாதா படம் பொறித்த ஒரு மந்திரித்த சுரூபத்தையாவது கழுத்தில் போட்டு அனுப்பும்படி எழுதியும் போட்டார்.

கடிபட்டவன் காட்டேரி ஆகிவிட்டானா? அதுதான் கேள்வி. காட்டேரியின் உருவம் கண்ணாடியில் தெரியாது. பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வீரன் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டு, அந்தத் துணியில் கை வைத்தபடி நிற்கிறான். தொடரும். 'அவன் கண்ணாடியைப் பார்க்கட்டுமா? வாசகர்களே, எழுதுங்கள்!'

நாற்காலி ஒரே குரலில் பார்க்கச் சொன்னது. நானும்தான். டெய்சி மட்டும் ஒப்பவில்லை. "வேணாம் சார். நல்லாத்தான பறக்குறான்? வேல பாக்குறான்ல? பாத்து என்னத்தக் காணப் போறான்?" சொல்லும்போது சிரிப்பு இல்லை.

சந்தேகம் வந்தால் எனக்கு மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. ரிப்போர்ட் வாங்கும் சாக்கில் சௌகத் அலியிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அவுக அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரையிலதான் சார் கால எடுத்தாக. இதுக்குச் செருப்பு கடிச்ச புண்ணு, ஒரு மாசமா ஆறல. ஒரு சொட்டு ரத்தம் எடுக்க விடமாட்டேங்குது. கேட்டா, இந்தக் கத முடியட்டும் பாய்ங்குது."

மேசைக்கடியில் பார்த்தேன். டெய்சியின் இடது குதிகாலில் துணிக்கட்டு இருந்தது. இத்தனை மாதமாக அந்தக் கையைப் பார்த்தேனே தவிரக் காலைப் பார்க்கவில்லை.

அந்த மாதம், அவசியமே இல்லாமல், இரண்டாவது தடவையும் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மாயம்மாள், நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை கொண்டுவந்து பூ மார்க்கெட்டில் போடுகிறவர். சுவரைப் பார்த்துத் திரும்பியபடியே விசாரித்தார்.

"அந்தப் பய கண்ணாடியப் பாத்துட்டானா தாயீ?"

"இன்னும் பொஸ்தகம் வரல ஆத்தா. பாக்காம இருக்குறதே நல்லதுதான்."

"அடி இவளே! பாக்காட்டி, கடிச்சது கடிக்கலேன்னு ஆயிருமாக்கும்? துணியப் போட்டா கண்ணாடிதான் மறையும். கழுத்துல பட்ட கடி எங்கிட்டுப் போவும்?"

ஊசியை எடுத்த டெய்சி பஞ்சை வைத்து அழுத்த மறந்துவிட்டார். மாயம்மாளே பஞ்சை எடுத்து அழுத்திக்கொண்டு எழுந்து போனார்.

புது இதழ் வந்த அன்று அதை பஸ் ஸ்டாண்டு கடையில் நானே வாங்கிக்கொண்டு காலையிலேயே போனேன். வழக்கமாகப் பிடுங்கிக்கொள்வார். அன்று வாங்கி, அட்டையைக்கூடப் பார்க்காமல், மேசையில் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் டீ, ஆடை படிந்து அப்படியே இருந்தது. பன்னும் தாள் பிரிக்காமல் கிடந்தது.

"குடிக்கலையா?"

"வெறும் வயித்துல இருக்கேன் சார்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாய், செத்த வாங்க. எனக்கு எடுக்கணும்."

சௌகத் அலி கை துடைத்த துண்டோடு ஓடிவந்தார். டெய்சி நாங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பாய் குழாயைக் கட்டினார். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் பழகியதோ என்னவோ, அவர் வாயிலும் அதே வார்த்தைகள் வந்தன.

"அங்கிட்டுத் திரும்பிக்கம்மா. இதப் பாக்கக் கூடாது."

டெய்சி விரல்களை மடக்கிக்கொண்டார். ஆனால் திரும்பவில்லை. ஊசி இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.