தோளில் முளைத்த குடல்

திசு ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கத்தி அக்கா. மெழுகில் பதித்த சதைத்துண்டை மயிரிழையை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் தோய்த்து டாக்டரம்மாவுக்கு அனுப்புவது வேலை. இருபத்திரண்டு வருடம். சீவுவது அவள், தீர்ப்பு டாக்டரம்மா.

வீட்டில் தீர்ப்பும் அவளே. கணவரின் தொப்பை ஹைப்பர்பிளேசியா. "செல் எண்ணிக்கைல கூடியிருக்கு, குணம் மாறல. பயப்படாதீங்க." மகளின் அலமாரி டிஸ்பிளேசியா. "ஒழுங்கு கெட்டுப்போச்சுடி. இப்பவே கவனிச்சா சரி பண்ணிடலாம்." வந்து இரண்டு மாதமாகத் தங்கிவிட்ட நாத்தனார் பினைன். "இடத்த அடைச்சுக்கும், ஆள கொல்லாது."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப மேலிக்னன்ட் யாரு அண்ணி?"

"அடுத்த வீட்டுக்குள்ள பூந்து, அங்கேருந்து தெருவெல்லாம் பரவுறது. மாடி வீட்டுக்காரி வாய் மாதிரி."

அவளுடைய இடது தோளிலேயே எலுமிச்சை அளவு கட்டி வந்தது. "லைப்போமா. வெறும் கொழுப்பு" என்று ஆறு மாதம் தட்டிக்கழித்தாள். அது வளர்ந்தது. மகள் இழுத்துக்கொண்டு போய் அறுவை செய்ய வைத்தாள். வெட்டிய கட்டி அவள் வேலை செய்யும் கூடத்துக்கே வந்தது. சாடியில் பெயர் இருக்காது, எண் மட்டும்: 417.

மூன்றாம் நாளே தோளில் கட்டோடு வேலையில் நின்றாள். கொழுப்பு கத்தியில் வழுக்கும். மற்றவர்கள் சீவினால் கிழிந்துவிடும் என்பது சாக்கு. சீவினாள். சாயம் தோய்த்தாள். அந்தக் கூடத்தில் தினமும் முதல் தட்டில், முதல் இடத்தில் ஒரு சோதனை ஸ்லைடு போகும். பழைய குடல் புற்றுநோய் ஒன்றின் சீவல். சாயம் சரியாகப் பிடித்ததா என்று பார்ப்பதற்காக. அதை வைப்பதும் அவள்தான்.

அன்று டாக்டரம்மாவின் தீர்ப்பு வரும்வரை பொறுக்கவில்லை. தட்டிலிருந்து ஒன்றை உருவி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். எண்ணைப் பார்க்கவில்லை.

சுரப்பிகள். ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்து, கருத்து வீங்கிய உட்கருக்களோடு. தோளில் சுரப்பிகளுக்கு என்ன வேலை? குடலில் கிளம்பி இங்கே குடியேறியிருக்கிறது. மெட்டாஸ்டாசிஸ். மகள் படிப்பு முடிய ஏழு மாதம். ஏழையும் விரல் விட்டு எண்ணினாள்.

ஸ்லைடோடு டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். "டாக்டரம்மா, எனக்குக் குடல்ல ஆரம்பிச்சு தோள் வரைக்கும் வந்துடுச்சு."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தாள்.

"அக்கா! இந்தக் குடல எனக்குப் பதினோரு வருஷமா தெரியும். தினம் காலைல முதல்ல இது மூஞ்சிலதான் முழிக்கிறேன். இது உங்க சோதனை ஸ்லைடு!"

"ஐயோ!"

"தோள்ல குடல் முளைச்சா சாப்பாட்ட எந்த வழியா அனுப்புவீங்க?"

417-ஐத் தேடி எடுத்து வைத்தார்கள். வெறும் வளையங்கள், சோப்பு நுரை போல. ஒரு செல்கூட வரிசை மீறவில்லை. லைப்போமா. டாக்டரம்மா மேசையைத் தட்டித் தாளம் போட, கத்தி அக்கா ஒற்றைக் கையைத் தூக்கி ஆடினாள். தையல் சுளீர் என்றது, அதற்கும் சிரித்தாள். மகளுக்கு போன் போட்டாள்.

"ஏய், உங்கம்மா வெறும் கொழுப்புடி!"

"அது வீட்ல எல்லாருக்கும் எப்பவோ தெரியும்மா."

ஏழு மாதம் தாண்டி ஒன்பது வருடம் இருந்தாள். போனது மாரடைப்பில், ஐந்து நிமிடத்தில். கட்டி, கிட்டி ஒன்றும் இல்லை.

பதினோராம் நாள் மகள் வீட்டில் அம்மாவின் மேசை டிராயரைக் காலி செய்தாள். பஞ்சில் சுற்றிய இரண்டு ஸ்லைடுகள் அட்டையில் ஒட்டியிருந்தன. கீழே அம்மாவின் கையெழுத்து: "இடது என்னுது. வலது என்னுது இல்ல. எடுக்கும்போது எண்ணைப் பார்!"

மகளுக்குச் சிரிப்பு வெடித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் நிறுத்த முடியவில்லை.