விற்கக் கூடாத வண்டி

கார் வாங்க வேண்டும் என்று சொர்ணம் ஒருநாளும் நினைத்ததில்லை. மந்தைவெளியை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரைத்தள வீடு, கூட அம்மா கெங்கம்மா, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து வந்து விழும் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, நல்லதை ஒரு தட்டிலும் ரிஜெக்டை இன்னொரு தட்டிலும் போட வேண்டும். பத்தொன்பது வருடம் அதைச் செய்ததில், அளந்து பார்ப்பதற்கு முன்பே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வயதில் வந்த போலியோவால் வலது கால் சூம்பிப்போனது. காலைத் தாங்க இரும்புக் காலிப்பர், கையில் ஒரு தடி. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். யாராவது உச்சுக்கொட்டினால் சொர்ணத்துக்கு எரிச்சல் வரும். "பஸ்ஸு வந்தா ஏறணும், வரலன்னா நிக்கணும். இதுல இன்னா கீது?" என்பாள்.

கார் யோசனை அவள் தம்பி விக்கியினுடையது. தி.நகரில் கார் வாங்கி விற்கும் புரோக்கர் அவன். கடை கிடையாது, டீக்கடை வாசலும் இரண்டு போனும்தான் ஆபீஸ். நான்கு வருடத்துக்கு முன்னால், கால் ஊனமுள்ளவர்கள் புதுக் கார் வாங்கினால் வரியில் சலுகை உண்டு என்று யாரோ அவனிடம் சொன்னார்கள். அப்போது ஒரு புது மாடல் வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. உடனே கிடைக்குமென்றால் கூடுதலாகக் கொடுத்து வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். விக்கி இரண்டையும் முடிச்சுப் போட்டான். அக்கா பேரில் சலுகை விலைக்கு எடுப்பது, மூன்று மாதத்தில் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவது.

"நீ கையெழுத்து மட்டும் போடுக்கா. மீதிய நான் பாத்துக்கறேன்."

"தப்பு இல்லியா நைனா?"

"இன்னா தப்பு? உன் பேரு, உன் காலு. கெவுருமெண்டே குடுக்குது."

சொர்ணம் தன் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பாதி அது, பாதி விக்கி போட்டது. காகிதங்களில் அவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அவளும் படிக்கவில்லை, அவனும் படிக்கவில்லை.

வண்டி வந்தது. நல்ல சிவப்பு, ஆட்டோமேட்டிக். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போனார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் விக்கி யாரையும் தொடவிடவில்லை. "அத்த கிழிச்சா ரேட்டு போயிடும்மா" என்றான். கெங்கம்மா அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்துகொண்டு வந்தாள்.

மூன்று மாதத்தில் ஆளும் கிடைத்தார். அபிராமபுரத்தில் கோதண்டபாணி என்பவர், இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரையும் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால் சொர்ணமும் போனாள். வண்டியை அவர் ஐந்து நிமிடம் பார்த்தார். காகிதங்களை அரை மணி நேரம் பார்த்தார்.

"மிஸ்டர் விக்கி, இதைப் படிச்சேளா?"

"எது சார்?"

"சலுகைக்காக உங்க அக்கா எழுதிக் கொடுத்திருக்கற உறுதிமொழி. சொந்த உபயோகத்துக்குத்தான் வாங்கறேன், அஞ்சு வருஷத்துக்கு விக்க மாட்டேன்னு இருக்கு. கீழே கையெழுத்தும் போட்டிருக்கா."

"அஞ்சு மாசம்னு இருக்கும் சார்."

"வருஷம்." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

விக்கி குனிந்து பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதெல்லாம் யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றான்.

"நான் பார்த்துட்டேனே!" என்றார் கோதண்டபாணி.

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தம்பி முறைக்க முறைக்க இன்னும் அதிகமாக வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இது என் வண்டியா சார்?"

"பின்னே? சாட்சாத் உங்க வண்டிதாம்மா. ஆத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கோங்கோ."

திரும்பி வரும்போது சொர்ணம் பின் சீட்டில் உட்காரவில்லை. முன்னால் ஏறிக்கொண்டு, காலிப்பரை நீட்டி வைத்து, சீட்டு உறையை ஒரு மூலையில் பிடித்து டர்ரென்று கிழித்தாள்.

"யக்கா! இன்னா பண்ற?"

"என் வண்டி, கிழிக்கிறேன். நைனா, இத்த நானே ஓட்றேன்."

"எப்டி? காலு?"

"கையால."

இரண்டு பெடலையும் கையாலேயே இயக்க லிவர் மாட்டித் தரும் பட்டறை ஒன்று அவள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது தினமும் பார்ப்பாள். அங்கே மாட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். அதில் தானும் ஒருத்தியாக இருக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பட்டறைக்காரர் செம்பியன் ஒரே நாளில் லிவரைப் பொருத்தினார். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். சொர்ணம் உட்கார்ந்து நாலைந்து முறை தள்ளிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அண்ணே, இதுல கீற ஸ்பிரிங் ரிஜெக்டு."

"இன்னாம்மா சொல்ற? புதுசு அது."

"புதுசுதான். திரும்பி வரும்போது சோம்பேறித்தனம் பண்ணுது பாருங்க."

செம்பியன் இன்னொன்று மாட்டினார். அதற்கும் தலையாட்டினாள். மூன்றாவது மாட்டியதும், "இது ஓகே" என்றாள். அவர் தானே உட்கார்ந்து தள்ளிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மீதி ஸ்பிரிங் டப்பாவையும் தூக்கிவந்து அவள் மடியில் வைத்தார். "அப்டியே இதையும் கொஞ்சம் பாத்துக் குடுத்துடும்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அங்கேதான் பழகினாள். பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர் உட்கார வேண்டும் என்பதால் விக்கிக்குத் தப்ப வழியில்லை. கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான்.

"அக்கா, பிரேக்கு! பிரேக்கு!"

"போட்டாச்சுடா. வண்டி நின்னு எவ்ளோ நேரம் ஆவுது. நீதான் ஆடிக்கினு கீற."

லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை தோற்றாள். பதற்றத்தில் இண்டிகேட்டர் போட மறந்துவிட்டாள். இரண்டாவது தடவை, போட வேண்டாத இடத்தில் எல்லாம் போட்டாள். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் வேலைக்குத் தனியாக ஓட்டிப்போனபோது கம்பெனியில் ஸ்பிரிங் மெஷின்கள் பத்து நிமிடம் சும்மா ஓடின. செக்கிங் பிரிவு மொத்தமும் வாசலில் நின்றது. பக்கத்து மேஜை தாரணி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தெருக்கோடி வரைக்கும் ஒரு ரவுண்டு போ சொர்ணா" என்று கெஞ்சினாள். போனார்கள். மேனேஜர் பார்த்துவிட்டார். மறுநாள் கேட்டுக்கு உள்ளே, நிழலான இடமாகப் பார்த்து, அவள் வண்டிக்கென்று தரையில் பெயின்டால் கோடு போட்டுக் கொடுத்தார்.

விக்கி போட்ட பாதியை சொர்ணம் இரண்டு வருடத்தில் கொடுத்து முடித்தாள். அவனும் அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விடுவதில்லை. பார்ட்டிகள் முன்னால் உட்கார்ந்து வரி வரியாக, சத்தம் போட்டுப் படிக்கிறான். நேர்மையான புரோக்கர் என்று பெயர் வேறு வந்துவிட்டது.

இந்தப் பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்றைக்கு, சாலிகிராமத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து கெங்கம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள் சொர்ணம். எந்த வழியை மூடியிருப்பார்கள் என்று யோசிக்காமல், திருவிழாக் கூட்டம் போகும் லஸ் பக்கம் திருப்பிவிட்டாள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஓர் அங்குலம் நகரவில்லை. தூரத்தில் நாகஸ்வரச் சத்தம், நடந்துபோகும் கூட்டம், விசிறி, பலூன். ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தலிலிருந்து ஒரு பெண் வந்து ஜன்னல் வழியாக இரண்டு டம்ளர் நீர்மோர் நீட்டினாள். இன்னொருத்தர் தொன்னையில் புளியோதரை கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வண்டிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

போலீஸ்காரர் குனிந்து, "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்மா" என்றார்.

"ஆவட்டும் சார்" என்றாள் சொர்ணம்.

கெங்கம்மா காலை மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு புளியோதரையில் கை வைத்தாள். அப்போது போன் அடித்தது. விக்கி.

"எங்கக்கா கீற? ஒரு மணி நேரமா வூட்டு வாசல்ல நிக்கிறேன்."

சொர்ணம் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"கார்ல வந்துக்கினு இருக்கேன்டா" என்றாள். "டிராபிக்ல மாட்டிக்கினேன்."

பக்கத்து வண்டிக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார்.