அண்ணன் கராஜில் நின்ற ஈரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறவள் நான். இப்போதும் அப்படித்தான். இதைக் கேட்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்றும் எனக்குத் தெரியும், வேறு யாராவது சொல்லி நான் கேட்டால் என் முகமும் அப்படித்தான் போகும். அதனால் நம்புங்கள் என்று கேட்கப் போவதில்லை, நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நடுவில் ஏதாவது காரணம் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், அநேகமாக அதை நான் ஏற்கெனவே யோசித்து அடித்துப் போட்டிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துத் தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் டிராயிங், எஸ்டிமேட் போடும் வேலையில் இருந்தேன். என் அண்ணன் சங்கர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தான். அதை நிறுத்த வீட்டை ஒட்டி ஹாலோ பிளாக் வைத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, தகரக் கதவும் மாட்டி அவனே ஒரு ஷெட் கட்டினான். அதை ஷெட் என்று சொன்னால் அவனுக்குப் பிடிக்காது, கராஜ் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பு வட்டத்தில் பாதிப் பேரிடம் சைக்கிள்தான் இருந்தது, இவனுக்குக் கராஜ். சிரிப்போம்.

நான் ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அவன் இறந்துபோனான். காடாம்புலியூர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்றான், வேறு சாதி. அம்மா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு வைப்பாள், பேச மாட்டாள். ஒரு அடைமழை நாளில் வடலூரிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தவன், அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, துண்டு" என்று கேட்டிருக்கிறான். அம்மா திரும்பாமல் காய் நறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கராஜில் போய், வண்டி மேல் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறான். மறுநாள் காய்ச்சல், பிறகு நிமோனியா. ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு தப்பிய பிறகுதான் அம்மா அவனோடு பேசினாள்.

மழையில் நனைவதால் மட்டும் நிமோனியா வராது என்று டாக்டர் சொன்னதை நானும் எத்தனையோ முறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவாள்.

படிப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா பாதி நேரம் கராஜில்தான் இருந்தாள். வண்டியை விற்கவிடவில்லை. அந்த ஷெட்டோ சேறு மாதிரி. சுவர் அடியில் உப்புப் பூத்திருந்தது, தரை எப்போதும் சில்லென்று, வண்டி ஸ்போக்கில் துரு. அம்மா ஒரு பழந்துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

"ஏட்டி, நீ இதத்தான படிச்ச? இந்த ஈரத்தப் போக்கிக் குடு. அவனுக்குக் குளிரும்" என்றாள்.

அவனுக்கு என்றுதான் சொன்னாள், வண்டிக்கு என்று சொல்லவில்லை.

எனக்கு எதையும் எழுதி வரிசைப்படுத்தினால்தான் புத்தி ஓடும். ஷெட்டுக்குள் ஈரம் வர நான்கு வழி: கூரை ஒழுகலாம், சுவர் வழியாக மழைநீர் ஊறலாம், தரைக்குக் கீழிருந்து ஏறலாம், காற்றில் இருக்கும் ஈரமே குளிர்ந்த இடத்தில் படியலாம். எது என்று தெரியாமல் கை வைத்தால் காசுதான் கரையும். கண்ணாடித் துண்டுகளைத் தரையில் படுக்க வைத்து ஓரங்களைக் களிமண்ணால் அடைத்தேன். மேல்பக்கம் வியர்த்தால் காற்று, அடிப்பக்கம் வியர்த்தால் பூமி. எங்கள் கொத்தனார் பக்கத்துக் கிராமத்துக்காரர், அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்கம்மா, கண்ணாடிய வச்சிகினு குறி பாக்கறீங்களா? ஈரத்துக்குக் கூடவா ஜாதகம்?" என்றார். அம்மாகூடச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தரையைத் தோண்டி ஜல்லி நிரப்பி, அதன் மேல் தடித்த கறுப்பு பாலிதீன் விரித்து, கான்கிரீட் போட்டோம். சுற்றிலும் தண்ணீர் ஓட வாய்க்கால் எடுத்தோம், ஷீட் சந்துகளை அடைத்தோம், எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுக்குத் துளையுள்ள கல் வைத்தோம். இந்தத் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தரை காய்ந்தது, சுவர் காய்ந்தது, எனக்குப் பெருமைதான்.

வண்டியின் சீட் மட்டும் காயவில்லை. காலையில் போய்த் தொட்டால் ஈரம். காற்றின் ஈரம் படிவதாக இருந்தால் முதலில் பெட்ரோல் டாங்கில் படிய வேண்டும், அது இரும்பு, சீக்கிரம் குளிரும். டாங்க் காய்ந்து கிடக்கும், ரெக்சின் சீட் நனைந்திருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு பழைய ஈரத்தைக் கக்குகிறது என்று முடிவு கட்டி, சீட்டைக் கழற்றி வெயிலில் நாள்கணக்காகப் போட்டு எடுத்தேன். திரும்ப மாட்டிய மறுநாளே ஈரம். "நனைஞ்ச பேண்ட்டோட உக்காந்துருக்காம்லா, எப்படிக் காயும்?" என்றாள் அம்மா, பருப்பு வேகவில்லை என்று சொல்வதைப் போல. நான் அதற்கு மேல் அந்தச் சீட்டைத் தொடவில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள், விடாத மழை. மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். சமையல் முடிந்த பிறகு, பக்கெட்டில் மண் பூசிச் செய்த, சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரிக் கட்டி எரியும் அடுப்பைக் கூடத்துக்குத் தூக்கி வந்து, மேலே கூடையைக் கவிழ்த்து, பிள்ளைகளின் யூனிபாரத்தை அதன் மேல் போட்டுக் காயவைப்பார்கள். விறகு என்றால் புகை கண்ணைக் கரிக்கும், கதவைத் திறந்துவிடுவோம். கரிக்கட்டி கனிந்துவிட்டால் புகையே தெரியாது. புகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊர்களில் இவ்வளவு கரி வீட்டுக்கு வீடு கிடையாது, இந்தத் தப்பைச் செய்ய அவர்களுக்கு வழியும் இல்லை.

அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். நான் ஆபீஸ் விட்டு மழையிலேயே சைக்கிளில் வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. வீடு திறந்து கிடந்தது, அம்மா இல்லை, அடுப்பு மேடையில் பக்கெட் அடுப்பு இருந்த இடம் காலி. கராஜ் பக்கம் ஓடினேன். நான் வைத்த காற்றுத் துளைகள் எல்லாவற்றிலும் சாக்கு திணித்திருந்தது. கதவுக்கு அடியிலும் உள்பக்கமிருந்து சாக்கு. இழுத்துத் திறந்தேன்.

அனல் அடிக்கும் என்று நினைத்துத்தான் முகத்தை மூடிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே குளிர்ந்து கிடந்தது. காலை வைத்தால் தண்ணீர், பாதம் முழுகும் தண்ணீர். பக்கெட் அடுப்பு விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது. வண்டிப் பக்கத்தில் அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள், முகம் மட்டும் ஒரு மாதிரி சிவந்து. மூச்சு இருந்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவைக் கூப்பிட்டேன், இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே வராந்தாவில் போட்டோம். வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில், கரி அடுப்பின் விஷக் காற்றுதான், இன்னும் சற்று நேரம் அது எரிந்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

மறுநாள் காலையில் நான் கராஜுக்குப் போனேன். பயம் இருந்தது, பார்க்காமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. கூரையின் உட்பக்கம் காய்ந்திருந்தது. சுவரில் ஒரு ஓட்டம் இல்லை. வாசல் வழியாக வந்திருந்தால் கதவடிச் சாக்கு நனைந்திருக்க வேண்டும், நான் கதவை இழுத்ததில் வெளியே வந்து இறவாரத்துக்கடியில் ஒதுங்கிக் கிடந்த அதன் உள்மடிப்பு உலர்ந்திருந்தது. தரைக் கான்கிரீட்டைத் தடவிப் பார்த்தேன், ஒரு விரிசல் இல்லை. ஷெட்டில் குழாய் கிடையாது. எரிகிற கரியில் தண்ணீர் ஊற்றினால் சாம்பல் பறந்து சுவரெல்லாம் அப்பியிருக்கும், கரி வெடித்திருக்கும். அடுப்பில் கரிக்கட்டிகள் அடுக்கியது அடுக்கியபடி, பல நாள் ஊறப்போட்டது போல் முழுசாக இருந்தன.

இதெல்லாம்கூடப் போகட்டும். மழையில் ஏற்கெனவே நனைந்திருந்த என் பாவாடையை விடுங்கள், அம்மாவைத் தூக்கக் குனிந்ததில் சரோஜா அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்தது. அந்தத் தண்ணீரில் கிடந்து, மழையில் நாங்கள் தூக்கி வந்த அம்மாவின் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சரோஜா அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அம்மாவின் கக்கத்தில் ஒரு துண்டு இருந்தது. மடித்த மடிப்புக் கலையாமல்.

ஆஸ்பத்திரியில் அவளேதான் சொன்னாள், நான் கேட்கவில்லை. "வந்தாம்ட்டி. சொட்டச் சொட்ட நின்னான். துண்ட நீட்டுனேன், வாங்கல. அடுப்புல கையையாவது காட்டிக் காஞ்சுக்கோலேன்னேன். அதையும் அணைச்சுட்டுப் போயிட்டான்."

"அணைச்சதாலதாம்மா நீ இருக்க" என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று பிறகு எனக்கே ஆச்சரியம்.

"நீ அவன் மொகத்தப் பாக்கல" என்றாள் அம்மா.

அன்றோடு சீட்டும் காய்ந்துவிட்டது. தண்ணீரை வாரி வெளியே கொட்டிய பிறகு அந்தக் கராஜில் ஈரம் என்பதே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அம்மா தினமும் காலையில் போய்ச் சீட்டைத் தடவிப் பார்ப்பாள், பிறகு தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், திரும்பி வந்து அடுக்களையில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் பாதி ஆளாகிவிட்டாள்.

முதல் மழை விழுந்த சாயங்காலம் என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"ஈரம் வாரதுக்கு உன் படிப்புல வழி இருக்காட்டி?"

இருந்தது. போக்கத் தெரிந்தவளுக்கு வரவைக்கவும் தெரியும். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் மேலே ஏறி ஷீட்டின் கொக்கிகளைக் கழற்றி ஒரு ஷீட்டையே நகர்த்திவிட்டேன். வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தேன், தகரக் கதவைத் திறந்து கட்டினேன். என் கையால் செய்ததை எல்லாம் என் கையாலேயே அவிழ்த்தேன். மழை நேராக வண்டி மேல் விழுந்தது, தரையில் தண்ணீர் ஏறுவதை மூன்று பேரும் நின்று பார்த்தோம். இரவெல்லாம் கொட்டியது.

விடிந்தும் மழை விடவில்லை. அம்மாவோடு போனேன். நகர்த்திய ஷீட் நகர்த்தியபடியே இருந்தது, வானம் தெரிந்தது. வாசல் வரைக்கும் தெருத் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே தரை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. திறந்த இடத்துக்கு நேர் கீழே போய்க் கையை நீட்டினேன், வெளியே பெய்துகொண்டிருந்தது, என் கையில் ஒன்றும் விழவில்லை.

இதற்கு என்னிடம் வரிசை இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இல்லை.

அம்மா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கையை எடுத்து, அதில் ஒட்டிய தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எங்கூடப் பேச மாட்டாம் போல" என்றாள்.