தந்தியில் நான் விட்ட சொல்

அக்காவின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பசுவந்தனையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. தந்தி என்றாலே சாவுச்செய்திதான் என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். அவர் பட்டாளத்தில் இருந்தார். ஒரே ஒரு நாள் பெண் பார்க்க வந்துபோனதோடு சரி. வீட்டில் அப்போது இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தவள் ஆறாம் வகுப்பில் இருந்த நான்தான் என்பதால், பெரியப்பா அதை என்னிடம் நீட்டினார்.

'லீவ் நாட் யெட் சாங்க்ஷன்டு' என்று எழுத்துக்கூட்டினேன். பம்புசெட்டுக்குக் கரண்டு சாங்க்ஷன் ஆகாமல் ஊரே காத்துக்கிடந்ததால் கடைசிச் சொல் எனக்குத் தெரியும். நடுவில் கிடந்த மூன்றெழுத்தை நான் பொருட்படுத்தவில்லை.

"லீவு குடுக்கலையாம் பெரியப்பா" என்றேன், வகுப்பில் பதில் சொல்கிற மிடுக்கோடு.

பத்திரிகை வைத்து முடிந்திருந்தது. "குறிச்ச முகூர்த்தத்தை விடக்கூடாது. கழுகுமலைப் பையன் வீட்ல நம்ம பிள்ளையை இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. நாளைக்குப் போய்ப் பேசிட்டு வாரேன்" என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார்.

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தவறி வீட்டோடு இருந்தவள். பெரியப்பா முன்னால் நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை. என் கையிலிருந்த தந்தியை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"இவ ஒரு வார்த்தையை விட்டுட்டா பெரியப்பா. யெட்னு இருக்கு. 'இன்னும்' குடுக்கலைன்னு அர்த்தம்."

"ரெண்டும் ஒண்ணுதான ஏட்டி?"

"மழை வரலைன்னா விதையை எடுத்து உள்ள வச்சிருவீங்க. இன்னும் வரலைன்னா என்ன செய்வீங்க?"

கரிசல்காட்டில் உழுது விதைக்கிற சம்சாரியிடம் இதற்குமேல் இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "காத்துக் கெடப்பேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் அவர் கழுகுமலை பஸ் ஏறவில்லை. ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை தகரப்பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

பரீட்சையில் தவறியவளுக்கு இவ்வளவு இங்கிலீஷா என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். பெரிய வாத்தியாரிடம்கூடச் சொன்னேன். அன்று அந்தத் தந்தித்தாள் அக்காவின் விரல்களில் நடுங்கிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்தான். பெரியப்பாவிடம் உள்ள பயம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.