துணிக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

காலையில் நான் வகுப்பில் பெயர் கூப்பிட ஆரம்பித்தால், ஜன்னலுக்கு வெளியே பித்தளைக் குடங்கள் வரிசையாகப் போகும். கீழே பெண்கள் இருப்பார்கள், ஆனால் ஜன்னல் உயரத்துக்குக் குடம் மட்டும்தான் தெரியும். புனேக்கு வந்த புதிதில் நான் பெயரை விட்டுவிட்டுக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாணவர்கள் யாரும் திரும்பக்கூட மாட்டார்கள். தாபோடிப் பக்கம் இருந்த அந்தக் கல்லூரிக்கும், இந்த ஊர்க்காரர்கள் வஸ்தி என்கிற குடிசைப் பகுதிக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம், குடிசைகள் அந்தப் பக்கம். நான் படித்த பாளையங்கோட்டைக் கல்லூரியில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. ஏழைகள் இல்லாமல் இல்லை. கண்ணாடிச் சில்லு பதித்த மதிலை நான் பிறக்கும் முன்பே கட்டி முடித்திருந்தார்கள், அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. நான் நடத்தியது ரொமாண்டிக் கவிதைகள். லண்டன் நகரத்துப் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி சுரண்டிய குழந்தைகள், ஆலைப் புகை, பசி. பரீட்சையில் பிள்ளைகள் அந்தக் குழந்தைகளுக்காகப் பக்கம் பக்கமாக அழுது வைப்பார்கள். நானும் மனமுருகி மதிப்பெண் போடுவேன். வேலிக் கிழிசலில் நுழைந்து வருகிறவர்களில் கமலா மட்டும் என்னிடம் தமிழில் பேசுவாள். வாணியம்பாடிப் பக்கத்துக்காரி, சித்தாள் வேலை. பாண்டுரங் என்ற மராத்திக் கொத்தனாரோடு ஓடிவந்து, தாலி கட்ட நேரமில்லாமல் இரண்டு பிள்ளை பெற்றவள்.

அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக ஏற்பாடு. ரொமாண்டிக் கவிதையில் நகரத்து ஏழைகளின் துயரம், இதுதான் அவர் தலைப்பு. அரங்கத்து ஜன்னல்கள் வஸ்தியைப் பார்த்து இருந்ததால் எங்கள் துறைத்தலைவர் குல்கர்னி சாருக்குத் தூக்கம் போயிற்று. வேலி நெடுக, இங்கே கனாத் என்கிற சிவப்பு மஞ்சள் பட்டை போட்ட கல்யாணப் பந்தல் துணியைக் கட்டச் சொன்னார். பார்வைக்கு நன்றாக இருந்தால் அதே இடத்தில் சுவர் எழுப்பிவிடலாம் என்றும் சொன்னார். கமலாவுக்குச் சேதி எட்டிவிட்டது. சுவர் வந்தால் குழாய் போச்சு. அவளுக்காக நான் சாரிடம் போய்க் கேட்டேன். கவிதையில் வருகிற வறுமைக்கு ஓர் உயர்வு உண்டு மேடம், இது வெறும் அழுக்கு என்றார்.

பேராசிரியர் நல்ல மனிதர். ஏழைகளைக் காண மறுக்கும் கண்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். துணிக்குப் பின்னால் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம். அது என்ன என்று கேட்டார். கல்யாணம் என்றார் குல்கர்னி சார், கண்ணை இமைக்காமல். இந்தியக் கல்யாணம் ஒன்றைப் பார்க்க எத்தனை நாள் ஆசை என்று வெள்ளைக்காரர் எழுந்துவிட்டார். சார் என் பக்கம் குனிந்து, "மேடம், டீ கொடுத்து நிறுத்தி வைக்கிறேன். அதற்குள் போய் ஒரு கல்யாணத்தை ஏற்பாடு பண்ணுங்கள்" என்றார். இதற்காகவா எம்.ஏ. படித்தேன் என்று நொந்துகொண்டே கிழிசலில் நுழைந்தேன்.

கமலா குடத்தை இறக்கி வைத்து முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

"கண்ணாலம் கட்டிக்கிறேன் டீச்சரம்மா. ஆனா செவுரு வராதுன்னு உங்க சாரு அந்த வெள்ளக்காரரு எதிர்ல சொல்லணும்."

போய்ச் சொன்னேன். சார் தலையாட்டினார்.

பாண்டுரங்கைச் சாந்துச் சட்டியோடு இழுத்து வந்தார்கள். மேடைக்கு வைத்திருந்த மாலைகள் கழுத்து மாறின. இங்கே மணமக்களுக்கு நடுவில் திரை பிடிப்பது வழக்கம். பிடித்தது பாண்டுரங்கின் துண்டு. எங்கள் பியூன் மங்களாஷ்டகம் பாட, கேன்டீன் அரிசியை எல்லாரும் தூவினோம். பேராசிரியர் கூச்சப்பட்டுக்கொண்டே தூவினார். துண்டு விலகியதும் கமலா அழுதாள். தினம் பார்க்கிற முகத்தையே புதிதாகப் பார்த்து அழுதாள். இந்த வழி எங்கள் அண்டை வீட்டார்க்கு என்றும் அடைபடாது என்று குல்கர்னி சார் ஆங்கிலத்தில் முழங்கினார். பேராசிரியர் நெகிழ்ந்து அவர் கையைக் குலுக்கினார். கிழிசலில் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாக நான் நிற்கும்போது கல்லூரிப் புகைப்படக்காரர் சாரையும் மணமக்களையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

கோடை விடுமுறையில் சுவர் வந்துவிட்டது. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கொதித்துப்போய்க் கேட்டேன். கல்யாண வீட்டில் ஆயிரம் பேசுவோம் மேடம் என்றார் சார். அந்தச் சுவருக்குக் கல் வைத்த கொத்தனார்களில் பாண்டுரங்கும் ஒருவன். கூலி கிடைக்கிற வேலையை விட முடியுமா?

பிறகொரு நாள் பெரிய ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு கமலாவின் குடிசைக்குப் போனேன். தகரத்தில் அந்தப் படம் தொங்கியது. கல்லூரி ஆண்டு மலருக்காகத் துணியின் ஓரத்தை ஒட்டி வெட்டியதில் மிஞ்சிய பாதியைப் பியூனிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். மாலையோடு அவளும் பாண்டுரங்கும். விளிம்பில் என் தோள், ஒரு கை, ஒரு செருப்புக் கால். இது யார் என்று அவள் மகள் மராத்தியில் கேட்டாள்.

"பொண்ணு வூட்டு ஆளு" என்றாள் கமலா, என்னைப் பார்க்காமல்.

ஆண்டு மலரில் இருக்கிற மீதி நான், குல்கர்னி சாரின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.