கார் கொட்டகையும் ஆறு கடிதங்களும்

9-6-2023. வண்டி விலை, ரூ. 47,50,000.
12-6-2023. இன்சூரன்ஸ், ரூ. 1,38,400.
21-6-2023. பழைய சின்ன கார் விற்ற வகையில் வரவு, ரூ. 1,85,000.
31-7-2023. அந்த மாதப் பெட்ரோல், ரூ. 23,460.
12-10-2023. வேகத்தடையில் உடைந்த அடித்தகடு, ரூ. 41,200.
18-1-2024. பின் டயர் இரண்டு, ரூ. 78,000.
5-3-2024. கதவில் சிக்கிக் கிழிந்த பட்டுச்சேலை, ரூ. 14,500.

அமராவதிபுதூர் மெய்யநாதன் ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை அன்றாட வண்டியாக வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய கணக்கில் ஒரு பகுதி இது. எட்டு சிலிண்டர், அடர்ந்த சிவப்பு, தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரம் இல்லாத வயிறு. அவர் மஸ்கட் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் சரக்குக் கிடங்கு பார்த்தவர். சாயங்காலம் வேலை முடிந்து சாலையோரமாக நடந்து வரும்போது இந்த மாதிரி வண்டிகள் அவரைத் தாண்டிப் போகும். சத்தம் முதலில் நெஞ்சில் விழும், பிறகுதான் காதில். 2021-ல் ஊர் திரும்பி, காரைக்குடியில் ஒரு பெயிண்டுக் கடையில் பங்கு போட்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தேழாவது வயதில், கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்கினார். முன்பணம் கொடுத்த பிறகுதான் மனைவி நீலாயதாட்சியிடம் சொன்னார்.

"எத்தனை பேரு உக்காரலாம்?" என்று நீலாயதாட்சி கேட்டார்.

"நாலு பேரு."

வண்டி வந்ததும் பின் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு பேருதான். ஆனா பின்னாடி உக்கார்ற ரெண்டு பேருக்கும் காலு இருக்கக் கூடாது," என்றார் அவர்.

கொட்டகையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். அதனால் சின்ன காரை விற்றாயிற்று. அதன் பின் அரிசி மூட்டையும் இந்த வண்டியில்தான், கல்யாண வீடும் இந்த வண்டியில்தான். டாக்டர் காரைக்குடி மைதானத்தில் தினம் நடக்கச் சொல்லியிருந்தார். காலை ஐந்தரைக்கு எட்டு சிலிண்டரையும் உசுப்பி ஆறேழு கிலோமீட்டர் போய், அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவார். வழியில் வேகத்தடைகள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் வண்டியை மூலைவாட்டாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக இறக்க வேண்டும். பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி நிற்கும். காய்கறி மார்க்கெட் சந்துக்குள் வண்டி நுழையாது. கால் மைல் தள்ளி நிறுத்திவிட்டு, முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க நடந்து வருவார். வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கும் பையன்கள், முருங்கைக்காய்க்காரர்தான் முதலாளி என்று தெரிந்ததும் விலகி வழிவிடுவார்கள்.

முதல் ஆறு மாதம் அவருக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. சத்தம் இன்னும் பிடித்திருந்தது. வண்டிக்கு முன்பு சொந்தக்காரராக இருந்தவர் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டிருந்தார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் ஒரு நிமிஷத்துக்கு ஊரையே உலுக்கும். "பழசையே மாட்டிரலாமா?" என்று மெக்கானிக் கேட்டபோது மெய்யநாதன்தான் வேண்டாம் என்றார்.

சிங்கம்புணரியில் ஒரு சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனார். வாசலில் வண்டி நின்றபோது, உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மாமன் முறை உள்ள ஒருவர், "ஏப்பா, நீ கேதத்துக்கு வந்தியா, பந்தயத்துக்கு வந்தியா?" என்றார். மெய்யநாதன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அரியக்குடிப் பெருமாள் கோயில் வாசலில் நீலாயதாட்சியின் சேலை கிழிந்தது அதற்கடுத்த மாதம். பள்ளத்தில் கிடந்த இருக்கையிலிருந்து எழ முடியாமல் அவர் தவிக்க, பூக்காரி இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினாள். "ஆச்சி, கெணத்துக்குள்ள இருந்துல ஏறி வாரீக!" என்று அவள் சொன்னதற்கு வாசலே சிரித்தது. அதற்குப் பிறகு நீலாயதாட்சி கோயிலுக்கு பஸ்ஸில் போனார்.

இவையெல்லாம் சின்ன வெட்கங்கள். மெய்யநாதனை உண்மையில் தலைகுனிய வைத்தது பக்கத்து வீடு.

பக்கத்து வீடு என்பதும் அதே வீடுதான். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்த பாட்டனார் வீட்டை, அப்பச்சிமார், அதாவது அப்பாக்கள், காலத்தில் நடுவே சுவர் வைத்து நெடுகப் பிரித்தார்கள். இந்தப் பக்கம் மெய்யநாதன். அந்தப் பக்கம் பெரியப்பா மகன் வீரப்பன், எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாகப் பத்திரத்தில் எல்லாவற்றையும் எழுதியவர்கள், முன்வாசல் ஓரத்தில் இருந்த கார் கொட்டகையை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். மெய்யநாதன் மஸ்கட்டிலிருந்து வந்து அதில் காரை நிறுத்தியதும் வழக்கு ஆரம்பித்தது. வழக்கு வந்ததும் பேச்சு நின்றது. வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, இந்த வீட்டு வேலைக்காரர்கூட அந்த வீட்டு வேலைக்காரரிடம் பேசக் கூடாது. அதுதான் பங்காளிகளுக்குள் முறை. ஒரு துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தால்கூட முதலில் இறங்கிவந்தது யார் என்ற பேச்சு வந்துவிடும்.

வக்கீல் ஸ்ரீநிவாசன் சொல்லியிருந்தார்: "வண்டிய ஒருநாள்கூட வெளிய நிறுத்தாதீக. கொட்டகை உங்க அனுபவத்துல இருக்கணும். அங்குட்டு இருந்து கடுதாசி எது வந்தாலும் பிரிக்காம எங்கிட்டக் கொண்டாங்க. நீங்க பாட்டுக்கு ஒரு பதில எழுதித் தொலச்சிராதீக."

3-1-2024 அன்று பக்கத்து வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. வீரப்பனுக்குப் பக்கவாதம். பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, கொட்டகையை ஒட்டிய அறையில் படுக்க வைத்தார்கள்.

"ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வந்தா என்ன? ஒங்க அண்ணன்தானே," என்றார் நீலாயதாட்சி.

"கேஸ் நடக்குதுல்ல."

"கேஸு கொட்டகைக்குத்தானே நடக்குது."

அவர் போகவில்லை. பிப்ரவரி மாதம் முதல் கடிதம் வந்தது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காரைக்குடிக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்த கடிதம். உறையின் மேல் அண்ணமிண்டி மீனம்மாளின் கையெழுத்து. அண்ணன் மனைவி எழுதுகிறாள் என்றால் வழக்கு விஷயமாகத்தான் இருக்கும் என்று மெய்யநாதன் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டார். ஜூலைக்குள் அப்படி ஆறு சேர்ந்தன. வாய்தா தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால் அவையும் இழுப்பறையிலேயே கிடந்தன.

19-9-2024, வியாழக்கிழமை. வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவும் வேறு இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீநிவாசன் முதல் உறையைக் கிழித்துச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

"தம்பி மெய்யநாதனுக்கு. இடது கையால் எழுதுகிறேன். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. காலையில் பத்து வரி எழுதிப் பழகும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் வண்டி கிளம்பும்போது கை உதறி எழுத்து சிதறுகிறது. தெருமுனைக்குப் போய்க் கிளப்ப முடியுமா."

வக்கீல் கண்ணாடிக்கு மேலாக மெய்யநாதனைப் பார்த்தார். பிறகு மற்றவற்றைப் பிரித்து, சத்தமில்லாமல் படித்தார்.

"என்ன செட்டியாரே, இதுல கேஸே இல்லையே," என்றார். "அம்புட்டும் வண்டிச் சத்தத்தப் பத்தித்தான். ஏழு மாசமா இதயா பூட்டி வச்சிருந்தீக?"

"நீங்கதானே பிரிக்கக் கூடாதுன்னீக."

"அண்ணன் படுத்துட்டாருன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?"

மூலையில் இருந்த கட்சிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். மெய்யநாதன் கடிதங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து படித்தார். நான்காவதில், 'ஐந்தரை மணி ஆகப்போகிறது என்று தெரிந்தாலே கை நின்றுவிடுகிறது' என்று இருந்தது. 'நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப் போய்க் கிளப்பத்தான் சொல்கிறேன்' என்றது ஐந்தாவது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓரிடத்தில் பேனா தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது. அந்த இடங்களில் தன் வண்டி கிளம்பியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆறாவதில் ஒரே வரி: 'கடிதங்கள் கிடைத்தனவா.'

மறுநாள் கோயம்புத்தூருக்கு போன் போட்டுப் பழைய சைலன்சரைக் கேட்டார். வர ஒரு மாதமாகும் என்றார்கள். அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். பிரிக்காமல் வைத்திருந்ததைச் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டு, வந்து பார்க்க அனுமதி தரவேண்டும் என்று முடித்து, தபாலில் போட்டார். நேரே போய்க் கதவைத் தட்டும்படி நீலாயதாட்சி சொன்னதற்கு, "அண்ணன் வான்னு சொல்லட்டும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நானாப் போறது," என்றார். அண்ணன் வா என்று சொல்லிவிட மாட்டாரா என்பது ஒன்றுதான் அதன்பின் அவருக்கு நினைப்பாக இருந்தது.

வண்டியை வெளியே எங்காவது நிறுத்தியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கொட்டகையை விட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் முத்தரசுவையும் அங்கே காலையில் டீ குடிக்க வரும் மூன்று பேரையும் கூப்பிட்டு, வண்டியைத் தினமும் ஐந்தரைக்குத் தெருமுனை வரை தள்ள ஏற்பாடு செய்தார். ராத்திரி திரும்பும்போதும் முனையிலேயே எஞ்சினை அணைத்து உள்ளே தள்ளுவார்கள். காரணம் சொல்ல வெட்கப்பட்டு, பேட்டரி போய்விட்டது என்றார்.

"அரைக் கோடி ரூபா வண்டிக்கு ஒரு பேட்டரி வாங்க மாட்டீகளாண்ணே?" என்றார் முத்தரசு, வண்டியை முட்டித் தள்ளிக்கொண்டே.

"மெதுவாப் பேசுப்பா."

"மெதுவாப் பேசுனா வண்டி நகருமா? ஏ, தம் கட்டித் தள்ளுங்கப்பா! மாட்டப் பூட்டுனா இந்நேரம் காரைக்குடிக்கே போயிருக்கும்."

"சத்தம் போடாதீகப்பா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று மெய்யநாதன் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தள்ளினார். அண்ணன் அறையின் சன்னலைத் தாண்டும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். சன்னல் சாத்தியிருக்கும். அந்த வீட்டு வேலைக்காரி வீரலட்சுமி வாசல் தெளித்தபடி இதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொள்வாள். சாயங்காலம் அண்ணன் வீட்டு முன்வாசலில் விளக்கு எரியும். இப்படி இருபத்தாறு நாள்.

இருபத்தேழாம் நாள் மதியம் தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். மீனம்மாளின் கையெழுத்து, ஆனால் திருச்சி முத்திரை. மெய்யநாதன் நின்றபடியே பிரித்தார்.

'தம்பிக்கு. வீரலட்சுமி தபால்களைச் சேர்த்து மாதம் ஒருமுறை இங்கே அனுப்புகிறாள். உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. ஆகஸ்டு 25-ஆம் தேதியே உங்கள் அண்ணனை இங்கே மகள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். அங்கே இருந்தால் எழுத்து வராது என்று டாக்டர் சொன்னார். இனி ஊருக்குத் திரும்புவதாக இல்லை.'

அதற்குக் கீழே வேறு கையெழுத்து. பெரிய எழுத்துகள், சிறுபிள்ளை எழுதியதுபோல. ஆனால் வரிகள் நேராக இருந்தன. எங்கேயும் பேனா ஓடவில்லை.

'கொட்டகையை நீயே வைத்துக்கொள். வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். இங்கே சத்தம் இல்லை. என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வரவேண்டாம். வீரப்பன்.'

சாயங்காலம் வீரலட்சுமி விளக்கேற்ற வந்தபோது மெய்யநாதன் அவளிடம் முதல் தடவையாகப் பேசினார்.

"அண்ணன் போயி ரெண்டு மாசமாகப் போகுதாமே?"

அவள் திடுக்கிட்டு, நீலாயதாட்சி நிற்கிறாரா என்று அவர் வீட்டு வாசலைப் பார்த்தாள். "ஆமாங்கய்யா. பின்வாசல் தெருவுல காரு வச்சுக் கூட்டிட்டுப் போனாக. அங்குட்டு எல்லாருக்கும் தெரியுமே."

"நாங்க தெனமும் தள்ளிக்கிட்டுப் போனதப் பாத்தியே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பேட்டரி போச்சுன்னு டீக்கடையில சொன்னாக. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லையேய்யா," என்றாள்.

வழக்கு தள்ளுபடியாகி, கொட்டகை முழுக்க மெய்யநாதனுக்கே ஆனது. வண்டியை அவர் விற்றுவிட்டார். கொட்டகையில் வேறு வண்டி நிறுத்தவில்லை. திருச்சிக்கு அதன்பின் அவர் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அங்கிருந்து அவருக்கு வந்த கடைசிக் கடிதம் அதுதான். வந்த தேதி 16-10-2024, புதன்கிழமை.