தவணை முடிகிற நாடு

ஒரு நாட்டுக்கும் விசாவைப் போலக் காலாவதித் தேதி உண்டு என்று நான் நம்பினேன். பேச்சுக்கு நம்பவில்லை. காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு நம்பினேன்.

எண்பத்தாறாம் வருடம். அபுதாபியில் ஒரு சட்ட ஆலோசகரின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஆலோசகர் சூடான்காரர். ஆள் வாசல் உயரம், குரல் மட்டும் நூலகத்தில் பேசுகிற குரல். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் அரசியல் சட்டங்களை ஒப்பிட்டு ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அகலமான தாளில் ஒரு நாட்டுக்கு ஒரு கட்டம். அவசரநிலையை யார் அறிவிக்கலாம், சட்டத்தை யார் திருத்தலாம், எத்தனை நாளுக்குச் செல்லும் என்று வரிசையாக அடிக்க வேண்டும். எங்காவது ராணுவம் ரேடியோ நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்த நாட்டின் கட்டம் மாறிவிடும். மூன்று கார்பன் வைத்து முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். ஆப்பிரிக்க ஜனாதிபதிகளின் தேக சௌக்கியத்துக்காகப் பழனி முருகனிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

ஒருநாள் நாங்கள் இருந்த நாடான எமிரேட்ஸின் கட்டமே வந்தது. அடித்துக்கொண்டே போனேன். தற்காலிக அரசியல் சட்டம். ஐந்தாண்டுத் தவணை. ஒருமுறை நீட்டிக்கப்பட்டது. மறுமுறை நீட்டிக்கப்பட்டது. நடப்புத் தவணை இந்த வருடக் கடைசியில் முடிகிறது.

விரல் நின்றுவிட்டது.

வளைகுடாவில் இருப்பவன் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் அது எதுவரை செல்லும் என்றுதான் பார்ப்பான். விசா, லேபர் கார்டு, ஹெல்த் கார்டு எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. அது தாண்டினால் பெட்டியைக் கட்ட வேண்டும். இப்போது நாட்டுக்கே தேதி முடியப் போகிறது! நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மனைவிக்கும் மூன்று வயது மகளுக்கும் அப்போதுதான் விசா கிடைத்திருந்தது. அவர்களுக்காக, ஆண்கள் மட்டும் கூட்டாகத் தங்கும் கேம்ப் ரூமை விட்டு, டூரிஸ்ட் கிளப் பக்கம் ஒற்றை அறை பிடித்திருந்தேன். கம்பி வைத்த சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன். மகளின் காலை நோட்டுத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து மனைவி அனுப்பியிருந்தாள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு வாங்கி வாசலருகே வைத்திருந்தேன். டிக்கெட் போட்டாயிற்று. மூன்று வாரம்தான் பாக்கி.

அலுவலகத்தில் ஃபைல்களைப் பார்த்துக்கொண்ட யாழ்ப்பாணத்து அண்ணனிடம் போனேன். அவருக்கு என்மேல் ஒரு பழைய பாக்கி இருந்தது. ஊழியர்கள் அனைவருக்கும் அரபு எழுத்துத் தேர்வு என்று அலுவலகத் தாளில் நான் அடித்து வைத்த போலி அறிவிப்பை நம்பி, மூன்று நாள் உட்கார்ந்து அலிஃப், பா எழுதிப் பழகியவர் அவர்.

“அண்ணே, இது முடிஞ்சா என்னண்ணே ஆகும்?”

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “என்ன ஆகிறது? சட்டம் இல்லையெண்டா நாடு இல்லை. நாடு இல்லையெண்டா உமக்கு விசா தாற கஃபீல் இல்லை. கஃபீல் இல்லையெண்டா நீரும் இல்லை. கலாஸ், எல்லாம் முடிஞ்சுது!”

“வெளையாடாதீங்கண்ணே.”

“நான் ஏன் காணும் விளையாடுறன்? எங்கட நாட்டில எழுபத்திரண்டில ஒரு சட்டம், எழுபத்தெட்டில இன்னொண்டு. பிறகு என்ன நடந்ததெண்டு கண்டனாங்கள்தானே. முதலே பெட்டி கட்டினவன் தப்பினான்.”

எண்பத்து மூன்றில் கொழும்பில் அவருடைய வீடு எரிந்துபோயிருந்தது. அவர் பேச்சில் விளையாட்டு எந்த இடத்தில் முடிந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து ஊரே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கடற்கரைச் சாலைக் கட்டடங்களெல்லாம் திருவிழா முடிந்ததும் பிரிக்கப் போகிற பந்தல் போல நின்றன. மாடிவீட்டுக்காரர் சோபாவை விற்றார். சரிதான், அவருக்கும் சேதி தெரிந்துவிட்டது. கீழே மளிகைக் கடை மலையாளி இரண்டு நாளாக வெங்காய மூட்டை இறக்கவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கு வயிற்றுப்போக்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலாம் நாள் தந்தி ஆபீசுக்குப் போனேன். “புறப்பட வேண்டாம். கடிதம் வருகிறது.” கவுன்டரில் இருந்த பாகிஸ்தானி வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“கோயி மர் கயா, பாய்?” யாராவது இறந்துவிட்டார்களா என்கிறார்.

“அபி நஹி” என்றேன். இன்னும் இல்லை.

அவர்கள் வந்திருக்க வேண்டிய நாளன்று ஆலோசகர் என் மேசைக்கு வந்தார். “நீ லீவு கேட்டது இன்றைக்குத்தானே? ஏர்போர்ட்டுக்குப் போகவில்லையா?”

சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் அறைக்குப் போய் மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய நாட்டின் அரசியல் சட்டம்.

“பெயரைப் படி.”

நிரந்தர அரசியல் சட்டம் என்று இருந்தது.

“பன்னிரண்டு வருடம்தான் நின்றது” என்றார். “போன வருடம் இந்தக் கட்டத்தை மாற்றி அடித்தவன் நீதான்.”

நான்தான். நிறுத்திவைக்கப்பட்டது என்று ஒரே சொல்லை அடித்தேன். மூன்று கார்பன் வீணானதற்காக அவர் காதுபடவே தமிழில் வைதேன். என்ன சொல்கிறாய் என்று அப்போது கேட்டார். வெயில் அதிகம் என்றேன்.

சில வாரம் கழித்துப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். யாரும் பெட்டி கட்டவில்லை. மலையாளி வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து அண்ணனிடம் தந்தி விஷயத்தைச் சொன்னேன்.

“அடப்பாவி, நான் பகிடிக்கல்லோ சொன்னனான்! மனுசியையும் பிள்ளையையும் மறிச்சே போட்டீர்?”

அதன்பிறகு அவர் என்னிடம் பகிடி விட்டதே இல்லை. நான் விட்டாலும் சிரிப்பதில்லை.

இதற்குள் அந்த விசாவுக்கு உள்ளே நுழைய வேண்டிய கெடு தாண்டிவிட்டது. மறுபடி மனுப் போட்டேன். பதில் வருவதற்குள் மனைவியின் கடிதம் வந்தது. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்திருந்ததற்கு ஒருவழியாக ஆர்டர் வந்து, அரசுப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாளாம். நிரந்தர வேலை. “உங்கள் ஊரைப் பற்றி நீங்களே பயப்படுகிறீர்கள். இதை விட்டுவிட்டு எந்த நம்பிக்கையில் வருவது?” என்று கேட்டிருந்தாள். தந்திக்குப் பிறகு நான் எழுதிய நாலு பக்கப் பயத்தை அவள் வரி விடாமல் நம்பியிருந்தாள்.

அலுவலகம் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். தெருவில் ஈ, காக்கை இருக்காது. எங்கள் ஊர்ப் பக்கம் உச்சிவேளையில்தான் பேய் நடமாடும் என்பார்கள். கதவைத் திறந்ததும் சிவப்புச் செருப்பு கண்ணில் படும். உள்ளே பார்த்தபடி, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு ஓடியதுபோல் இருக்கும். சின்னக் கட்டிலின் கம்பி ஏசி அதிர்வில் மெல்ல நடுங்கும். நான் தரையில் படுத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன். ஒருநாள் வந்து பார்த்தபோது செருப்புகள் வெளியே பார்த்தபடி இருந்தன. காலையில் பெருக்கும்போது நான்தான் திருப்பி வைத்திருப்பேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. வைத்தேனா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தச் சட்டத்தை அதற்கப்புறமும் ஒருமுறை நீட்டித்தார்கள். பிறகு தற்காலிகம் என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். என் மனைவியும் மகளும் அபுதாபிக்கு வரவே இல்லை.